அடையாளமும் பொறுப்பும்: பல்கலைக்கழகங்களின் கூட்டடையாள முறைமை பற்றிய ஒரு விவாதம்

பழைய ஏற்பாட்டின் நியாயாதிபதிகள் ஆகமத்திலே ஒரு கதை உண்டு. போரில் தோற்றோடிய எப்பிராயீமர் யோர்தான் ஆற்றைக் கடக்க வந்தனர். துறைகளைக் கைப்பற்றியிருந்த கீலேயாத்தியர், வந்தோர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லுமாறு பணித்தனர். 'சிபோலேத்' என நாப்பிறழ்ந்தவன் அவ்விடத்திலேயே வெட்டுண்டான். அவ்வாறு மாண்டோர் தொகை 42,000 என்பது ஆகமத்தின் கணக்கு. இலங்கைத் தமிழ் வாசகருக்கு இக்கதைக்கு உரை வேண்டுவதில்லை. 1983 யூலையில் தெருவிலே மறிக்கப்பட்டு, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டோர் பற்றிய சாட்சியங்கள் பல உள.

ஐக்கிய அமெரிக்காவில், பல்கலைக்கழகங்கள் ஒன்றிணைந்து அமைத்த இன்ரநெற்2 என்னும் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஒரு மென்பொருளாக்கத் திட்டத்தைத் தொடங்கி, அதற்கு ஷிபொலெத் என்று பெயரிட்டது. தம்மவர் யார், பிறர் யார் எனப் பிரித்தறியும் கருவி என்ற கருத்திலேயே அப்பெயர் இடப்பட்டது. ஆயினும், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருளின் அமைப்பு அதன் பெயருக்கு நேர்மாறானது. ஆற்றுத்துறையில் நின்றவன் தனக்குத் தானே சாட்சியாக வேண்டியிருந்தது. அவனுக்காகப் பேச எவரும் இருக்கவில்லை. இம்முறைமையிலோ வாயிலில் நிற்பவருக்காக அவருடைய பல்கலைக்கழகம் சாட்சி சொல்கின்றது. அச்சாட்சியைச் சொல்லக் கடமைப்பட்ட பல்கலைக்கழகங்கள் பல வாய்மூடி நிற்பதும், வேறு சில அக்கடமையைப் பல்தேசியக் கம்பனிகளிடம் கையளித்துவிட்டு அதனை முன்னேற்றம் எனப் பேசுவதுமே ஈண்டு விவாதத்துக்குரியன.

முறைமை இயங்கும் வகை சிக்கலானதன்று. ஓர் ஆய்வாளர் பிறநாட்டு ஆவணக் களஞ்சியமொன்றின் வாயிலுக்கு இணையவழி வருகின்றார். களஞ்சியம் அவரிடம் கடவுச்சொல் கேட்பதில்லை, 'நீர் எவ்விடத்தவர்?' என்று மட்டுமே கேட்கின்றது. பட்டியலிலிருந்து தமது பல்கலைக்கழகத்தை அவர் தெரிந்ததும், அதன் வாயிலுக்கு அனுப்பப்படுகின்றார். கடவுச்சொல்லை அங்கு மட்டுமே இடுகின்றார். அதனைச் சரிபார்த்த பல்கலைக்கழகம், இலக்கமுறைக் கையொப்பமிட்ட உறுதியுரையொன்றைக் களஞ்சியத்துக்கு அனுப்புகின்றது. 'இவர் எம்மவர், எமது மாணவர்' என்பதோ, 'இவர் எம்மவர், எமது விரிவுரையாளர்' என்பதோ அதன் சாரம். கையொப்பம் மெய்யானதா என்பதைக் கூட்டமைப்பின் பொதுப் பதிவேட்டைக் கொண்டு களஞ்சியம் துணிகின்றது. ஒரு காலத்திலே சுவடிச்சாலைக்குச் சென்ற ஆய்வாளர் துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தைக் கையிற் கொண்டு சென்றார். அக்கடிதத்தின் இக்கால வடிவமே இது.

இக்கடிதத்தை நாடுகள் பலவும் ஏற்கும் நிலை படிப்படியாகவே உருவாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் இன்கொமன் கூட்டமைப்பு 2004ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவின் கூட்டமைப்பு 2006ஆம் ஆண்டிலும் தொடங்கின. உறுதியுரையை எழுதும் பொதுமொழியாகிய சாம்ல் நியமத்தின் இரண்டாம் பதிப்பு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்டுக் கூட்டமைப்புகளைத் தம்முள் இணைக்கும் எடுகெயின் 2011ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாட்டுக் கூட்டமைப்புகள் அதில் உள. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாகிய லேர்ண் இத்தகைய கூட்டமைப்பொன்றை நடத்தி, எடுகெயினிலும் இணைந்துள்ளது. எனவே, 'இது மேனாட்டார் விவகாரம்' என்று இந்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் ஒதுங்கிக் கொள்வதற்கில்லை. பாதை வெட்டப்பட்டாயிற்று. அப்பாதையில் உறுப்பினரை நடக்க விடுவதா என்பதே எஞ்சியுள்ள வினா.

இவ்விடத்து எழும் முதலாவது மறுப்பு கலைப்பீடங்களிலிருந்தே பெரிதும் வருகின்றது. இது கணினிப் பிரிவினரின் அலுவல். கூடினால் விஞ்ஞான பீடத்தாரின் அக்கறை. இலக்கியமும் வரலாறும் பயில்வோருக்கு இதனால் ஆவதென்ன என்பது அம்மறுப்பு. பெருந்தொகையினர் கூடிச் செய்யும் ஆய்வு முதலில் பௌதிகவியலிலே வளர்ந்தது மெய்யே. ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றி அற்லஸ், சி.எம்.எஸ். எனும் இரு ஆய்வுக் குழுக்கள் 2015ஆம் ஆண்டில் இணைந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். இத்தகையோர் எல்லோருக்கும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிக் கணக்குத் திறப்பது இயலாது என்ற நெருக்கடி அத்துறையில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆனால், ஆய்வுச் சமூகங்கள் பல ஒன்றுகூடிக் கூட்டடையாளம் குறித்த தம் தேவைகளை 2012ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டபோது, பௌதிகவியலாளர், காலநிலை ஆய்வாளர், உயிரியலாளர் ஆகியோருடன் மொழியியலாளரும் மனிதப் பண்பியற்றுறையினரும் சமமாக அமர்ந்திருந்தனர் என்பது கலைப்பீடத்தார் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஐரோப்பாவின் மொழிவளக் கட்டமைப்பாகிய கிளாறின் இதற்குத் தக்க சான்று. 2012ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இவ்வமைப்பு பல நாடுகளிலுள்ள மொழித் தரவுக் களஞ்சியங்களை ஒன்றிணைக்கின்றது. அங்குள்ள வளங்கள் மூவகையின. முதல் வகை யாவர்க்கும் உரியது. இரண்டாம் வகை கல்விச் சமூகத்தவருக்கு மட்டும் உரியது. மூன்றாம் வகைக்குத் தனி அனுமதி வேண்டும். அதன் மையங்களுள் ஒன்றான பிராக் நகரத்துச் சாள்ஸ் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலே, தமிழ் வாக்கியங்களின் தொடரமைப்பைப் பகுத்துக் காட்டும் தரவுத்தொகுதியொன்றும், ஆங்கிலத் தமிழ் இணைத் தரவுத்தொகுதியொன்றும் உள. இவை யாவர்க்கும் திறந்தவை. ஆனால் எல்லா மொழித் தரவும் அவ்வாறு திறக்கப்பட முடியாதது. உயிரோடிருப்போரின் பேச்சுப் பதிவுகள், வாய்மொழி வரலாறுகள், பதிப்புரிமைக்கு உட்பட்ட நவீன எழுத்துகள் ஆகியன 'கல்விச் சமூகத்தவருக்கு மட்டும்' எனும் வாயிலுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. நாளை ஈழத்துப் பேச்சுமொழி பற்றியோ, இடப்பெயர்வின் நினைவுகள் பற்றியோ அத்தகைய தொகுதி உருவாகுமாயின், அதற்கும் இத்தகைய வாயிலே வேண்டியதாகும். அவ்வாயிலிலே 'இவர் எம் மாணவர்' என்று சொல்லவேண்டியது கணினிப் பிரிவன்று, பல்கலைக்கழகம். துறைத்தலைவரின் கடிதத்தைத் தட்டச்சாளர் அச்சிட்டார் என்பதற்காக அதனைத் தட்டச்சாளரின் கடிதம் என எவரும் கூறுவதில்லை.

இனி, இம்முறைமை எங்கே முறிகின்றது என்பதை நோக்கலாம். ஆய்வாளர் தம் பல்கலைக்கழக வாயிலில் கடவுச்சொல்லைச் சரியாக இடுகின்றார். பல்கலைக்கழகமும் அதனை ஏற்கின்றது. ஆயினும் களஞ்சியத்துக்குச் செல்லும் உறுதியுரையில் பெயரில்லை, மின்னஞ்சல் முகவரியில்லை, மாணவரா ஆசிரியரா என்ற குறிப்புமில்லை. களஞ்சியம் வேறு வழியின்றி அவரைத் திருப்பி அனுப்புகின்றது. வருந்தத்தக்க இந்நிலை ஒரு தற்செயலன்று. கிளாறின் அமைப்பினர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வரும் முறைப்பாடு இதுவே. கூட்டமைப்பிலே பெயரளவில் இணைந்த நிறுவனங்கள் பல, தம் உறுப்பினர் பற்றிய எவ்விபரத்தையும் வெளிவிடாத வகையிலேயே தம் கணினிகளை அமைத்துவைக்கின்றன. அறிமுகக் கடிதம் கேட்ட மாணவருக்குத் தலைப்புமுண்டு, முத்திரையுமுண்டு, ஆனால் ஒரு சொல்லும் எழுதப்படாத வெற்றுத்தாளைக் கொடுத்தனுப்பும் துறைத்தலைவரை எவ்வாறு மதிப்பிடுவது? அத்தகைய தாள் கடிதமே இல்லாமையிலும் கொடிது. கடிதம் இல்லாதவர் வேறு வழி தேடுவார். வெற்றுத்தாளைப் பெற்றவரோ தம்மிடம் கடிதம் உண்டென்று நம்பி நெடுவழி நடக்கின்றார்.

இதற்கு நியாயமாகக் கூறப்படுவது தரவுப் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ளது. இலங்கையிலும் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. இச்சட்டங்களின் பெயரைக் கூறி, 'எதையும் கொடாதிருத்தலே பாதுகாப்பு' என நிருவாகத்தினர் வாதிப்பர். இவ்வாதம் சட்டத்தை மதிப்பதுபோலத் தோன்றினும் சட்டத்தின் உட்பொருளை அறியாதது. ஐரோப்பிய ஒழுங்குவிதி கோருவது, கூறப்பட்ட நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் தரவைக் கையாளலாகாது என்பதையே. வேண்டிய அளவையும் கொடாதே என அது எங்கும் கூறவில்லை. அந்த அளவு எது என்பதும் புதிராக விடப்படவில்லை. ஆய்வுக்கும் புலமைக்குமான சேவைகள் என்றொரு வகுப்பைக் கூட்டமைப்புகள் பொதுவில் வரையறுத்துள்ளன. அவ்வகுப்பிலுள்ள சேவைகளுக்குப் பெயர், மின்னஞ்சல் முகவரி, நிலையான ஓர் அடையாளக் குறி ஆகிய சிலவே போதும். பெற்ற விபரத்தைப் பிற நோக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை எனச் சேவை வழங்குவோர் உறுதியளிக்கும் ஒழுக்கக் கோவையும் ஐரோப்பிய வலையமைப்பினரால் வகுக்கப்பட்டுள்ளது. இத்தனைக்குப் பின்னும் மௌனம் சாதிப்பது எச்சரிக்கையாகாது. முடிவெடுக்க அஞ்சும் நிருவாகம் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்வதாகவே அது அமையும்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. நேர்மையான விடையை வேண்டுவது. பல்கலைக்கழக வளாகத்தினுள் இருந்து வாசிப்போரை அவர்தம் கணினி முகவரியைக் கொண்டே அடையாளங்கண்டு சஞ்சிகைகளைத் திறந்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதில் வாசகரின் பெயர் எவருக்கும் தெரியவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டில் பெரும் பதிப்பாளர் அமைப்புகள் அவ்வழக்கத்தைக் கைவிட்டுக் கூட்டடையாளத்துக்கு மாறவேண்டுமென ஒரு முயற்சியைத் தொடங்கியபோது, நூலகரிடையே அச்சம் எழுந்தது. எந்த வாசகர் எக்கட்டுரையை எத்தனை முறை திறந்தார் என்பதைப் பதிப்பாளர் தொகுத்து விற்பனைப் பண்டமாக்குவர் என்பதே அவ்வச்சம். அது வீண் பயமன்று. வாசித்த நூலின் பெயரே குற்றச்சாட்டாக மாறிய காலங்களைக் கண்ட சமூகம் இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

ஆயினும், இவ்வச்சத்துக்கான விடை முறைமையின் உள்ளேயே உண்டு. சஞ்சிகையொன்றை வாசிப்பவருக்காகப் பல்கலைக்கழகம் 'இவர் எம் உறுப்பினர்' என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பினாற் போதும், பெயர் வேண்டியதில்லை. ஒரே வாசகருக்கு ஒவ்வொரு பதிப்பாளரிடத்தும் வெவ்வேறு புனைகுறியை வழங்கவும் முறைமை இடந்தருகின்றது. அவ்வாறாயின் இரு பதிப்பாளர் தம் குறிப்பேடுகளை அக்குறிகளைக் கொண்டு ஒப்பிட்டும் அவரை இனங்காண முடியாது. மறுதலையாக, கூட்டாய்வில் ஈடுபடுவோர் தம் பெயரால் அறியப்பட்டே தீரவேண்டும். பெயரற்றவரோடு எவரும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை. வாசகருக்குப் பெயர் மறைத்தலும், கூட்டாய்வாளருக்குப் பெயர் உரைத்தலும் ஒரே பொறுப்பின் இரு பக்கங்கள். இன்று நிகழ்வதோ தலைகீழானது: பதிப்பாளர் கேட்டதெல்லாம் கொடுக்கப்படுகின்றது, ஆய்வுக் களஞ்சியம் கேட்டது மறுக்கப்படுகின்றது. பதிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதும் வேளை விபரங்களின் அளவையும் எழுதிவிடும் நிறுவனம் அரிது. தன் உறுப்பினர் எவ்வெவ் வாயில்களுக்குச் சென்றனர் என்ற குறிப்பு பல்கலைக்கழகத்திடமும் சேர்கின்றது என்பதை மறத்தலாகாது. அக்குறிப்பைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திராமலும், விசாரணை என்ற பெயரால் எவருக்கும் எளிதிற் கையளியாமலும் இருத்தல் அதன் கடமை.

மூன்றாவது கூற்று ஒன்றுண்டு. 'இத்தனை தொல்லை எதற்கு? மாணவர் எல்லோரிடமும் கூகிள் கணக்கோ மைக்றோசொப்ற் கணக்கோ உண்டு. அதனைக் கொண்டே எவ்வாயிலிலும் நுழையட்டும்' என்பது அது. இலகுவானது என்பதாலேயே இது கவர்ச்சியானது. ஆனால் கம்பனிக் கணக்கு எதனை உறுதி செய்கின்றது? இக்கணக்கை உடையவர் இக்கணக்கை உடையவரே என்பதை மட்டுமே. அவர் மாணவர் என்பதையோ, ஆய்வாளர் என்பதையோ, நேற்று விலகிச் சென்றவர் என்பதையோ கம்பனி தானாக அறியாது. அறிந்து உரைக்கும் கடப்பாடும் அதற்கில்லை. மின்னஞ்சற் பெட்டியைக் கம்பனியிடம் இரவலாகப் பெறுவது வேறு. தன் மாணவருக்காகப் பேசும் வாயையே அதனிடம் கொடுத்துவிடுவது வேறு. இரவலின் இயல்பையும் அனுபவம் காட்டியுள்ளது. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையின்றி வழங்கி வந்த சேமிப்பிடத்தை நிறுத்தி, நிறுவனமொன்றுக்கு 100 ரெறாபைற் எனும் அடிப்படை அளவை விதிக்கப் போவதாக 2021 பெப்ரவரியில் கூகிள் அறிவித்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் தம் கோப்புகளை அழிக்கவும் பெயர்க்கவும் ஓடின. சேமிப்பிடம் குறைந்தால் கோப்பை அழிக்கலாம். உறுதியுரைக்கும் உரிமை கைமாறினால் எதனை அழிப்பது? அறிமுகக் கடிதம் கேட்டு வந்த மாணவரை, 'சந்திக் கடை முதலாளியிடம் வாங்கிக்கொள். அவர் இலவசமாகத் தருவார்' என்று அனுப்பும் பல்கலைக்கழகம் தன் பெயரையே தான் மதிக்கவில்லை என்க.

கூட்டடையாள முறைமையைப் போற்றுவோரும் கேட்டே ஆகவேண்டிய ஒரு வினா உண்டு. நிறுவனம் சாட்சி சொல்லும் முறைமையிலே நிறுவனம் அற்றவருக்கு யார் சாட்சி? ஈழத்துத் தமிழ்ப் புலமையின் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களுக்கு வெளியே வளர்ந்தது. இந்நாட்டில் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலர் எப்பல்கலைக்கழகத்தின் உறுப்பினருமல்லர். இன்றும் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பட்டம் பெற்றும் வேலையற்றிருக்கும் இளைஞர் எனப் பலர் சிறந்த ஆய்வுகளைச் செய்கின்றனர். பட்டமளிப்பு முடிந்த கையோடு கணக்கு மூடப்பட, நேற்றுவரை புலமையாளராயிருந்தவர் இன்று அந்நியராகின்றார். கிளாறின் அமைப்பு இத்தகையோருக்கெனத் தானே கணக்கு வழங்கும் ஒரு வாயிலை வைத்துள்ளது. உறுப்பினரின் நிலையைக் குறிக்கவெனக் கூட்டமைப்புகள் கையாளும் சொற்பட்டியலை நோக்கினும் ஓர் உண்மை புலனாகும். மாணவர், ஆசிரியர், பணியாளர் என்ற சொற்களோடு பழைய மாணவர் என்ற சொல்லும், நூலகத்துக்குள் நேரே நடந்து வந்த வாசகர் என்ற சொல்லும் அப்பட்டியலில் உள. அதாவது, உறுப்பினரல்லாத வாசகருக்காகவும் பல்கலைக்கழகம் வாய்திறக்கலாம் என்பதை முறைமையை வகுத்தோர் முன்னரே எண்ணியுள்ளனர். சொல் உண்டு, அதனைச் சொல்லும் மனமே இல்லை. குறை தொழினுட்பத்தினது அன்று.

இதுவரை கூறியவற்றிலிருந்து சில கோரிக்கைகள் தாமே பிறக்கின்றன. எச்சேவைக்கு எவ்விபரம் வழங்கப்படும் என்பது கணினி அறையின் இரகசியமாக இருத்தலாகாது; மூதவை விவாதித்துத் துணிந்து, மாணவர் அறிய மும்மொழியிலும் வெளியிடும் கொள்கையாதல் வேண்டும். ஆய்வுக்கும் புலமைக்குமான சேவைகளுக்கு வேண்டிய விபரம் தடையின்றிச் செல்லல் வேண்டும். சஞ்சிகை வாசிப்போரின் பெயர் பதிப்பாளருக்குச் செல்லாமை ஒப்பந்தத்திலே எழுதப்படல் வேண்டும். விலகியோரின் கணக்குகள் காலத்தில் திருத்தப்படுவதோடு, பழைய மாணவருக்கும் வெளி வாசகருக்கும் உரிய நிலை வழங்கப்படல் வேண்டும். கணக்கொன்று களவாடப்பட்டு அதனாற் பிறருக்குத் தீங்கு நேரின் உடனே பதிலளிக்கும் ஆள் இருத்தல் வேண்டும். சாட்சி சொல்பவர் தம் சாட்சிக்குப் பொறுப்பாளியுமாவர். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது சில வேலையாட்களும், ஒரு தீர்மானமும், அதனை நிறைவேற்றும் துணிவுமே.

ஆற்றுத்துறையிலே கேட்கப்பட்ட கேள்வி 'நீ யார்?' என்பது. பல்கலைக்கழகங்கள் தம்முள் வகுத்துக்கொண்ட முறைமையின் கேள்வியோ 'இவருக்கு எவர் பொறுப்பு?' என்பது. முதலாவது கேள்வியின் முன் தனியே நின்ற அனுபவம் இம்மண்ணின் மாணவருக்கு நிறையவே உண்டு. இரண்டாவது கேள்வி எழும்போதாயினும் 'நான் பொறுப்பு' என்று அவருடைய பல்கலைக்கழகம் வாய்திறந்து சொல்லுமா? அதற்கான கருவி ஆயத்தமாகவே உள்ளது. சொல்லாதிருப்பதற்கு இனிக் காரணம் இல்லை.